50,000 டன் அரிசி: அனுமதி வேறு, கொள்முதல் வேறு

"2023இல் இந்தியா தடை போட்டதும் சிங்கப்பூர் அரசே 50,000 டன் அரிசி வாங்கித் தேக்கா சந்தையில் இறக்கியது, சேமிப்பு அரிசியும் அரசுடையதே" என்று சொல்லப்படுவது தவறு. இதைப் பலர் நம்பிப் பகிர்வதால் சொல்கிறேன்.

2023 ஜூலை 20 அன்று இந்தியா போட்ட ஏற்றுமதித் தடை பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசிக்கு, அதாவது பச்சரிசிக்கு, மட்டுமே. புழுங்கலரிசிக்கு அப்போது தடையே இல்லை. அதற்கு ஆகஸ்ட் 25 அன்று 20% ஏற்றுமதி வரிதான் வந்தது. இட்லி அரிசி விலை ஏறியதைத் தடையோடு சேர்த்துக் குழப்ப வேண்டாம்.

50,000 டன் என்பது அனுமதி உச்சவரம்பு. சிங்கப்பூர் அரசு கேட்டது, இந்தியா விலக்கு அளித்தது, ஏற்றுமதி தேசியக் கூட்டுறவு ஏற்றுமதி நிறுவனமான என்சிஇஎல் வழியாக மட்டும். வழக்கமான தனியார் ஏற்றுமதியாளர் அந்த ஒதுக்கீட்டில் நேரடியாக அனுப்ப முடியவில்லை. அனுமதி வந்த மறுநாளே மூட்டை வந்துவிடாது. விலை, ரகம், கப்பல் இடம் எல்லாம் புதிதாகப் பேச வேண்டும்.

சிங்கப்பூரின் அரிசிச் சேமிப்புத் திட்டத்தில் அரிசி இறக்குமதியாளருக்கே சொந்தம். வெள்ளை அரிசி இறக்குமதி செய்பவர் மாத இறக்குமதியின் இரு மடங்கை, அரசு குறிப்பிடும் கிடங்கில் வைத்திருக்க வேண்டும். பழசாகாமல் சுழற்றி விற்பதும் அவர் பொறுப்பு. நெருக்கடியில் இழப்பீடு கொடுத்து எடுத்துக்கொள்ளும் உரிமைதான் அரசுக்கு.

2022இல் சிங்கப்பூரின் அரிசி இறக்குமதியில் இந்தியாவின் பங்கு சுமார் 40%. அதில் பாஸ்மதியும் அடக்கம். இந்தியாவின் பாஸ்மதி அல்லாத அரிசி மொத்த இறக்குமதியில் சுமார் 17% தான்.