1956-க்கு முன்பே பாட்டுப் புத்தகங்கள் உண்டு

ஒருவர், 'ஒரே இசையமைப்பாளரின் பாடல்களை மட்டும் பாடி ஆல்பம் போடுவதை 1956-ல் கோல் போர்ட்டர் தொகுப்பு மூலம் தொடங்கிவைத்தவர் அமெரிக்க ஜாஸ் பாடகி எல்லா ஃபிட்ஸ்ஜெரால்ட்' என்று எழுதியிருக்கிறார். இப்படிப்பட்ட ஆல்பத்தைத்தான் 'பாட்டுப் புத்தகம்' (சாங்புக்) என்கிறார்கள். பலரும் நம்புவதுதான், ஆனால் சரியில்லை.

எல்லா ஃபிட்ஸ்ஜெரால்டே 1950-ல் டெக்கா இசைத்தட்டு நிறுவனத்துக்காக இசையமைப்பாளர் ஜார்ஜ் கெர்ஷ்வின் பாடல்களை மட்டும் பாடி ஒரு தட்டு கொடுத்துவிட்டார். துணைக்கு எல்லிஸ் லார்கின்ஸின் பியானோ, அவ்வளவுதான். ஆர்கெஸ்ட்ரா இல்லாததால் அவர் மூச்சு எடுப்பதுகூடக் காதில் விழும். எனக்கு, 1956 முதல் வெர்வ் நிறுவனத்துக்காக அவர் பாடிய தொகுப்புகளைவிட இதுதான் பிடிக்கும்.

அவருக்கும் முன்னால் லீ வைலி என்ற பாடகி இருக்கிறார். 1939-ல் நியூயார்க்கின் லிபர்ட்டி மியூசிக் ஷாப் என்ற இசைத்தட்டுக் கடைக்காக கெர்ஷ்வின் பாடல்களைப் பாடினார். அந்தப் பதிவில் ஜாஸ் பியானோ கலைஞர் ஃபேட்ஸ் வாலரும் வாசித்திருக்கிறார். அடுத்த வருடமே கோல் போர்ட்டர் பாடல்கள்! அப்போது எல்பி (நீண்ட நேரம் ஓடும் இசைத்தட்டு) கிடையாது. பக்கத்துக்கு மூன்று நிமிடம் ஓடும் 78 சுழற்சித் தட்டுகள் நான்கை, போட்டோ ஆல்பம் மாதிரி உறைகள் தைத்த அட்டைப் புத்தகத்தில் வைத்து விற்றார்கள். 'ஆல்பம்' என்ற பெயரே அப்படி வந்ததுதான்.

1956-ல் நடந்தது வேறு. தயாரிப்பாளர் நார்மன் கிரான்ஸ் தான் புதிதாகத் தொடங்கிய வெர்வுக்காக, எல்லா ஃபிட்ஸ்ஜெரால்ட் பாடிய 32 கோல் போர்ட்டர் பாடல்களை இரட்டை எல்பியாக, பெரிய வாத்தியக் குழுவுடன் கொண்டுவந்தார். அது பிய்த்துக்கொண்டு விற்றது, 1964 வரை வரிசையாக எட்டுத் தொகுப்புகள் வந்தன. புகழ் எல்லாவுக்கு வந்தது நியாயம்தான். முதல் ஆள் என்பது மட்டும் தப்பு.