என்விடியா டிரைவரைத் தளத்தில் இருந்து இறக்கி நிறுவாதீர்கள்

"நேற்று வரை ஓடியது, அப்டேட் செய்ததும் திரை கறுப்பாகிவிட்டது." லினக்ஸ் குழுக்களில் என்விடியா கார்டு வைத்திருப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பது இதைத்தான். கார்டு கெட்டுப்போயிருக்காது. விண்டோஸ் பழக்கத்தில் என்விடியா தளத்துக்குப் போய், டாட் ரன் என்று முடியும் நிறுவிக் கோப்பை இறக்கி ஓட்டியிருப்பார்கள்.

அது ஏன் தவறு என்று புரிந்துகொண்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். என்விடியா டிரைவர் இரண்டு துண்டு. நிரல்கள் படம் வரையப் பயன்படுத்தும் ஓப்பன்ஜிஎல், வல்கன் நூலகங்கள் ஒரு துண்டு. லினக்ஸின் மையப் பகுதியான கர்னலுக்குள் ஏறும் மாட்யூல் இன்னொன்று. மாட்யூல் எந்தக் கர்னல் பதிப்புக்காகக் கம்பைல் ஆனதோ அதில் மட்டுமே ஏறும். உபுண்டு சில வாரங்களுக்கு ஒருமுறை புதுக் கர்னல் அனுப்பும். கர்னல் மாறும்போதெல்லாம் மாட்யூலைத் தானாகவே மறுபடி கட்டும் டிகேஎம்எஸ் இல்லாமல் டாட் ரன் வழியாகப் போட்டிருந்தால், புதுக் கர்னலுக்கு மாட்யூலே இருக்காது. லினக்ஸோடு வரும் கட்டற்ற நூவோ டிரைவரையும் அந்த நிறுவி ஏற்கெனவே தடைப்பட்டியலில் போட்டிருக்கும். அதுவும் இல்லை, இதுவும் இல்லை. மிஞ்சுவது கறுப்புத் திரை.

உபுண்டு, டெபியன் போன்ற உங்கள் லினக்ஸ் வழங்கலின் சொந்த ரெப்போவில் (மென்பொருள் களஞ்சியத்தில்) இருந்து நிறுவினால், கர்னல் மாறும்போது மாட்யூலும் கூடவே வரும். பதிப்பு எண் சற்றுப் பழையதாக இருக்கலாம், அதைப் பொருட்படுத்த வேண்டாம்.

நிறுவும் முன் கார்டின் சிப் எது என்று பாருங்கள். அட்டைப்பெட்டியில் இருக்கும் பெயரை நம்பக் கூடாது. ஜிடி 730-ஐயே எடுத்துக்கொள்ளுங்கள். அதே பெயரில் ஃபெர்மி சிப்பும் விற்றார்கள், கெப்ளர் சிப்பும் விற்றார்கள். டெர்மினலில் எல்எஸ்பிசிஐ என்ற கட்டளையை அடித்து விஜிஏ என்ற வரியைப் பாருங்கள். ஜிஎஃப்108 என்று வந்தால் ஃபெர்மி. அதற்கான கடைசி டிரைவர் 390, ஆதரவு 2022 இறுதியோடு முடிந்துவிட்டது. ஜிகே208 என்று வந்தால் கெப்ளர். அதற்கு 470, அதுவும் 2024-இல் நின்றுவிட்டது. இந்த இரண்டுக்கும் நூவோவே போதும் என்பது என் கருத்து. பழைய டிரைவரைப் புதுக் கர்னலோடு ஒட்டவைக்க ஒவ்வொரு முறையும் பேட்ச் தேடி அலைய வேண்டியிருக்கும். மேக்ஸ்வெல், பாஸ்கல் கார்டுகளுக்கு, அதாவது ஜிடிஎக்ஸ் 750 டிஐ, 1050, 1060 போன்றவற்றுக்கு, 580 தான் கடைசி வரிசை. ஆர்டிஎக்ஸ் 50 வரிசைக்குப் பெயரின் முடிவில் ஓப்பன் என்றிருக்கும் பேக்கேஜ்தான் வேண்டும். பாஸ்கலில் அதே பேக்கேஜ் வேலை செய்யாது.

உபுண்டுவில் வேலை சுலபம். முதலில் எல்லா அப்டேட்டையும் முடித்து ரீபூட் செய்யுங்கள். பிறகு 'சுடோ உபுண்டு-டிரைவர்ஸ் இன்ஸ்டால்', மறுபடி ரீபூட். 'என்விடியா-எஸ்எம்ஐ' அடித்தால் கார்டின் பெயரும் டிரைவர் பதிப்பும் கட்டம்கட்டி வரும். அப்டேட்டுக்குப் பிறகு அதே கட்டளை நூலகப் பதிப்பு பொருந்தவில்லை என்று சொன்னால் பயப்படாதீர்கள். பழைய மாட்யூல் நினைவகத்தில் இருக்கிறது, புது நூலகம் வட்டில் இருக்கிறது. ரீபூட் செய்தால் சரியாகிவிடும்.

அதிகம் பேர் சறுக்குவது செக்யூர் பூட்டில், அதாவது நம்பகமான கையொப்பம் இல்லாதவை பூட்டின்போது ஏறாமல் தடுக்கும் பாதுகாப்பில். டிகேஎம்எஸ் உங்கள் கணினியிலேயே மாட்யூலைக் கட்டி, உங்கள் கணினியின் சாவியால் கையொப்பமிடும். பூட் ஆகும்போது கணினி அந்தச் சாவியை நம்ப வேண்டும். அதனால்தான் நிறுவும்போது ஒரு கடவுச்சொல் கேட்கிறது. ரீபூட்டில் அந்தச் சாவியைச் சேர்க்கும் நீலத் திரை வரும். 10 விநாடிக்குள் ஒரு விசையைத் தட்டாவிட்டால் அது போய்விடும். தட்டியதும் 'என்ரோல் மோக்', 'கன்டினியூ', 'யெஸ்', பிறகு அதே கடவுச்சொல். அங்கே விசைப்பலகை அமெரிக்க அமைப்பில் இருக்கும், அதனால் எளிய எழுத்துகளும் எண்களும் மட்டும் வையுங்கள். திரையைத் தவறவிட்டால் மாட்யூல் ஏறாது, சாவி நிராகரிக்கப்பட்டது என்ற பிழை வரும். 'சுடோ அப்டேட்-செக்யூர்பூட்-பாலிசி --என்ரோல்-கீ' கொடுத்து மீண்டும் முயலலாம். இரண்டு நிமிட வேலைக்கு அஞ்சி செக்யூர் பூட்டையே அணைக்கச் சொல்லும் அறிவுரையைத் தயவுசெய்து பரப்பாதீர்கள்.

டெபியன் 12-இல் ரெப்போ வரியில் கான்ட்ரிப், நான்-ஃப்ரீ, நான்-ஃப்ரீ-ஃபர்ம்வேர் மூன்றும் சேருங்கள். லினக்ஸ்-ஹெட்டர்ஸ்-ஏஎம்டி64, என்விடியா-டிரைவர் இரண்டையும் நிறுவுங்கள். மாட்யூல் கட்டத் தேவையான கர்னல் கோப்புகள்தான் ஹெட்டர்ஸ். அவை விட்டுப்போனால் மாட்யூல் கட்டப்படாது. ஃபெடோராவில் ஆர்பிஎம் ஃப்யூஷன் என்ற கூடுதல் ரெப்போவைச் சேர்த்து ஏகேமாட்-என்விடியா நிறுவியதும் உடனே ரீபூட் செய்யாதீர்கள். பின்னணியில் மாட்யூல் கட்டி முடிக்க ஐந்து நிமிடம்வரை ஆகும். 'மாட்இன்ஃபோ -எஃப் வெர்ஷன் என்விடியா' பதிப்பு எண்ணைக் காட்டும்வரை பொறுத்திருங்கள்.

ஏற்கெனவே கறுப்புத் திரையில் சிக்கியிருப்பவர்கள் முதலில் மானிட்டர் கேபிள் மதர்போர்டில் செருகியிருக்கிறதா, கார்டில் செருகியிருக்கிறதா என்று பாருங்கள். கார்டில்தான் இருக்க வேண்டும். பிறகு கணினி தொடங்கும்போது வரும் கிரப் மெனுவில் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ் போய்ப் பழைய கர்னலில் ஏறுங்கள். அதுவும் ஏறாவிட்டால் மெனுவில் 'இ' தட்டி, லினக்ஸ் என்று தொடங்கும் வரியின் கடைசியில் நோமோட்செட் சேர்த்து எஃப்10 அழுத்துங்கள். உள்ளே போனதும் 'டிகேஎம்எஸ் ஸ்டேட்டஸ்' பாருங்கள். புதுக் கர்னலின் எண் அதில் இல்லையென்றால் ஹெட்டர்ஸைப் போட்டுவிட்டு டிரைவரை மீண்டும் நிறுவுங்கள். டாட் ரன் வழியாகப் போட்டவர்கள் 'சுடோ என்விடியா-அன்இன்ஸ்டால்' ஓட்டி அதை முழுவதும் நீக்கிய பிறகே ரெப்போ பேக்கேஜைத் தொட வேண்டும். இரண்டும் ஒரே இடத்தில் நூலகங்களை எழுதினால், எது எதை அழித்தது என்று கண்டுபிடிப்பதற்குள் இரவு முடிந்துவிடும்.