என் காசு, என் கணினி, என் விளையாட்டு: நடுவில் இந்த லாஞ்சர் எதற்கு?

பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். சங்கரன்கோவிலிலிருந்து உள்ளே தள்ளி இருக்கும் கிராமம். அக்கா மகனுக்கு ஒன்பது வயது. தண்டவாளம் போட்டு, பாலம் கட்டி, ரயில் ஓட்டும் விளையாட்டு ஒன்று என்னிடம் இருக்கிறது என்று போனில் சொல்லியிருந்தேன். அன்றிலிருந்து ஒரு மாதமாக அவனுக்கு அதே பேச்சு. "மாமா, கணினியை மறக்காமல் எடுத்து வாருங்கள்" என்று அக்காவின் போனிலிருந்து மூன்று முறை நினைவூட்டியிருந்தான்.

மாட்டுப் பொங்கல் அன்று மதியம், சாப்பாடு முடிந்து வீடே கண்ணயர்ந்த நேரத்தில் மடிக்கணினியைத் திறந்தேன். அவன் முழங்காலை மடக்கி என் தோளோடு ஒட்டி உட்கார்ந்துகொண்டான். விளையாட்டின் படத்தைத் தட்டினேன். வந்தது லாஞ்சர், அதாவது விளையாட்டைத் திறந்துவிடுவதற்கென்று விற்ற நிறுவனம் நடுவில் வைத்திருக்கும் செயலி. வட்டம் சுற்றியது. 412 எம்பி அப்டேட் இருக்கிறதாம்; அதுவும் விளையாட்டுக்கு அல்ல, லாஞ்சருக்கு. 'பிறகு பார்க்கலாம்' என்று சொல்ல ஒரு பொத்தான்கூட இல்லை.

எங்கள் வீட்டில் சிக்னல் மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் மட்டும்தான் கிடைக்கும். உச்சி வெயிலில் போனையும் கணினியையும் தூக்கிக்கொண்டு ஏறினேன். ஒரு நாளைக்கு 1.5 ஜிபி டேட்டா. அதில் கால் பங்குக்கு மேல் அந்த அப்டேட் விழுங்கியது. நாற்பது நிமிடம். முடிந்ததும் புதிதாக ஒரு திரை: உங்கள் உள்நுழைவு காலாவதியாகிவிட்டது, கடவுச்சொல்லைத் தாருங்கள். தந்தேன். மின்னஞ்சலுக்கு ஆறு இலக்க எண் அனுப்பியிருக்கிறோம், அதைத் தாருங்கள். மின்னஞ்சல் வந்து சேருவதற்குள் அந்த எண்ணின் ஆயுள் முடிந்துவிட்டது. மறுபடி கேட்டேன், மறுபடி தாமதம். நான்காவது முறை, அளவுக்கு மீறி முயன்றுவிட்டீர்கள், சிறிது நேரம் கழித்து வாருங்கள் என்று கதவைச் சாத்திவிட்டது. "மாமா, ரயில் எப்போது ஓடும்?" என்று படிக்கட்டில் நின்று கேட்டவனுக்கு என்ன பதில் சொல்வேன்? மாட்டுக்கு மாலை போடக் கூப்பிட்டார்கள், போய்விட்டான்.

அந்த விளையாட்டு 38 ஜிபி. முழுவதும் என் கணினியில்தான் இருந்தது. ஒவ்வொரு ரயில் பெட்டியும், ஒவ்வொரு ஊதல் சத்தமும் அந்த வட்டில் பத்திரமாக இருந்தது. ஒருவர் தனியாக உட்கார்ந்து விளையாடும் விளையாட்டு. எதிராளி கிடையாது, அரட்டை கிடையாது, இணையத்தில் அதற்கு ஒரு வேலையும் கிடையாது. இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே முழு விலை கொடுத்துவிட்டேன். சாமி வரம் கொடுத்தும் பூசாரி கொடுக்கவில்லை என்பார்களே, அதைக் கண்ணால் பார்த்தேன்.

இதை ஒருவரிடம் சொன்னால் உடனே வரும் பதில்: "இந்தக் காலத்தில் யார் வீட்டில் நெட் இல்லை?" எனக்குக் கோபம் தலைக்கேறுவது இந்தக் கேள்வியில்தான். நெட் இருக்கிறதா இல்லையா என்பது என் பாடு. என் வீட்டு மிக்சியை ஓட்ட அதை விற்ற கடைக்காரரிடம் தினமும் அனுமதி கேட்கிறேனா? கடை திறந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டா சட்னி அரைக்கிறேன்? வாங்கிய பொருளுக்கும் எனக்கும் நடுவில் விற்றவர் நிரந்தரமாக நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்வதை வசதி என்று பெயர் வைத்து நம் தலையில் கட்டிவிட்டார்கள். இருபது ஆண்டுகளில் நாமும் அதற்குப் பழகிவிட்டோம்.

எப்போது பழகினோம் என்பதும் தெரிந்த கதைதான். வால்வ் என்ற விளையாட்டு நிறுவனம், இன்று பெரிய இணைய விளையாட்டுக் கடையாக இருக்கும் ஸ்டீமை 2003 செப்டம்பரில் கொண்டுவந்தபோது அது தன் விளையாட்டுகளுக்கு அப்டேட் கொடுக்கும் கருவியாக இருந்தது. 2004 நவம்பரில் ஹாஃப்-லைஃப் 2 வந்தது. கடையில் பெட்டியோடு வட்டு வாங்கியவர்கள்கூட இணையத்தில் ஸ்டீம் கணக்கு தொடங்கி அனுமதி பெற்றுத்தான் விளையாட வேண்டும் என்றார்கள். அன்றைக்கே ஆட்கள் கொதித்தார்கள். ஆனால் விளையாட்டு அற்புதமாக இருந்தது, எல்லோரும் சகித்துக்கொண்டார்கள். அதைப் பார்த்து மற்ற நிறுவனங்களும் ஆளுக்கொரு லாஞ்சரைக் கட்டின. இப்போது நிலைமை என்னவென்றால், ஒரு கடையில் வாங்கிய விளையாட்டைத் தட்டினால் அந்தக் கடையின் லாஞ்சர் திறக்கிறது, அது தயாரிப்பாளரின் இன்னொரு லாஞ்சரைத் திறக்கிறது, அதற்குத் தனிக் கணக்கு, தனிக் கடவுச்சொல். கணினியைப் போட்டவுடன் இவையெல்லாம் கேட்காமலே எழுந்து, நினைவகத்தில் இடம் பிடித்து, மூலையில் விளம்பரம் காட்டுகின்றன.

சரி, இந்த லாஞ்சர்களாவது நிலையாக இருக்கின்றனவா? இ.ஏ. என்ற விளையாட்டு நிறுவனம் 2011-ல் ஆரிஜின் என்ற லாஞ்சரைத் தொடங்கியது, 2025 ஏப்ரலில் மூடிவிட்டு வேறொரு செயலிக்குப் போகச் சொன்னது. பெதஸ்டா நிறுவனத்தின் லாஞ்சர் 2022 மே மாதத்தோடு முடிந்தது. மைக்ரோசாஃப்ட்டின் கேம்ஸ் ஃபார் விண்டோஸ் லைவ் என்ற இணைய விளையாட்டுச் சேவையின் கதையை மட்டும் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். 2008-ல் வந்த ஃபால்அவுட் 3 அந்தச் சேவையோடு பின்னப்பட்டிருந்தது. சேவையின் கடை 2013-ல் மூடப்பட்டது. பிறகு புது விண்டோஸ் கணினிகளில் அந்தச் சேவையின் கோப்பு இல்லை என்ற ஒரே காரணத்தால் விளையாட்டு தொடங்கவே மறுத்தது. ஸ்டீமில் காசு கொடுத்து வாங்கியவர்கள் எங்கிருந்தோ கோப்பு தேடி ஒட்டுப்போட்டுத்தான் விளையாட முடிந்தது. அந்த முடிச்சை அதிகாரபூர்வமாக அவிழ்த்தது 2021-ல்தான். அத்தனை ஆண்டுகளும் விளையாட்டில் குறை இல்லை, கணினியில் குறை இல்லை, நடுவில் நின்ற காவலாளி செத்துப்போயிருந்தான், அவ்வளவுதான்.

பழைய கணினி வைத்திருப்பவர்களைப் பற்றி யார் கவலைப்படுகிறார்கள்? 2024 ஜனவரி 1 முதல் விண்டோஸ் 7, 8 கணினிகளுக்கு ஸ்டீம் ஆதரவை நிறுத்தியது. 2010-ல் விண்டோஸ் 7-க்காகவே செய்த விளையாட்டு அந்த இயந்திரத்தில் இன்றும் ஓடும். அதைத் திறக்கும் லாஞ்சருக்குத்தான் புதிய விண்டோஸ் வேண்டும்.

இதைவிட மோசமானது 'தி க்ரூ'. யூபிசாஃப்ட் 2014-ல் வெளியிட்ட கார் விளையாட்டு. அமெரிக்கா முழுவதும் தனியாகவே ஓட்டித் திரியலாம், ஆனாலும் எப்போதும் நிறுவனத்தின் சர்வரோடு தொடர்பில் இருக்க வேண்டும். 2024 மார்ச் 31 அன்று சர்வரை அணைத்தார்கள். அதோடு விடவில்லை, வாங்கியவர்களின் கணக்கிலிருந்து உரிமத்தையும் எடுத்துக்கொண்டார்கள். பத்திரமாக வட்டு வைத்திருந்தவருக்கும் அது வெறும் பிளாஸ்டிக் தட்டு. அந்தக் கோபத்திலிருந்துதான் ராஸ் ஸ்காட் என்ற யூடியூபர் 'ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்' (விளையாட்டுகளைக் கொல்வதை நிறுத்துங்கள்) இயக்கத்தைத் தொடங்கினார். அதையொட்டி எழுந்த ஐரோப்பியக் குடிமக்களின் மனுவில் 10 லட்சத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டார்கள். எதிர்ப்பு வலுத்த பிறகு யூபிசாஃப்ட் என்ன செய்தது? 'தி க்ரூ 2'-க்கு இணையம் இல்லாமல் ஆடும் வழி தருவதாக 2024 செப்டம்பரில் அறிவித்தது. முடியாத காரியம் ஒன்றுமில்லை, மனம்தான் இல்லாமல் இருந்தது. இ.ஏ.வின் நகரம் கட்டும் விளையாட்டான சிம்சிட்டியிலும் இதே நாடகம்தான். 2013 மார்ச்சில் வெளியானபோது சர்வர்கள் திணறி, வாங்கியவர்கள் நாள்கணக்கில் உள்ளேயே போக முடியவில்லை. இணையம் இல்லாமல் இது இயங்கவே இயங்காது என்றார்கள். ஓராண்டில், 2014 மார்ச்சில், இணையம் இல்லாமல் ஆடும் வசதியை அவர்களே கொடுத்தார்கள்.

இப்போது நான் ஊரில் கழித்த மறுநாள் மாலைக்கு வருகிறேன். என் பையில் ஒரு பழைய ஹார்டு டிஸ்க் எப்போதும் கிடக்கும். போலந்தின் சிடி ப்ராஜெக்ட் நிறுவனம் 2008-ல் தொடங்கிய ஜிஓஜி கடையில் வாங்கிய விளையாட்டுகளின் இன்ஸ்டாலர்கள், அதாவது விளையாட்டைக் கணினியில் பதியும் கோப்புகள், அதில் இருக்கின்றன. ஒரு விளையாட்டுக்கு ஒரு கோப்புறை. உள்ளே 'செட்டப்' என்று ஒரு கோப்பு, பெரிய விளையாட்டாக இருந்தால் கூடவே 4 ஜிபி அளவில் வெட்டிய துண்டுகள். அங்கேயும் லாஞ்சர் உண்டு, ஆனால் வேண்டுமென்றால் வைத்துக்கொள், வேண்டாமென்றால் விட்டுவிடு. நான் விட்டுவிட்டேன். கோட்டை கட்டும் விளையாட்டு ஒன்று, 2019-ல் இறக்கி வைத்தது. கேபிளைச் செருகினேன், செட்டப்பைத் தட்டினேன், எங்கே பதிய வேண்டும் என்று மட்டும் கேட்டது, பச்சைக் கோடு நகர்ந்தது. ஆறு நிமிடம். போனில் டேட்டா அணைந்திருந்தது, மொட்டை மாடிக்கு ஏறவில்லை, யாருக்கும் எந்த எண்ணும் சொல்லவில்லை. பையன் இரவு சாப்பாட்டுக்குக் கூப்பிடும்வரை மதில் கட்டினான். அகழி வெட்ட மறந்து எதிரி உள்ளே புகுந்தபோது அவன் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டுப் பாட்டி எட்டிப் பார்த்தார்.

இதைத்தான் கேட்கிறேன். இந்த ஒரு கோப்பைத்தான்.

இன்ஸ்டாலர் கொடுத்தால் திருட்டு நகல் பெருகும் என்பார்கள். கல்லூரி நாட்களில் எல்லோரையும் போல நானும் நகல் எடுத்த சிடியில்தான் விளையாடினேன், மறைக்கவில்லை. சம்பளம் வரத் தொடங்கியதும், உழைத்தவர்களுக்குக் காசு போக வேண்டும் என்று ஒவ்வொன்றாக வாங்கினேன். இன்று உடைத்த நகலைத் திருட்டுத்தனமாக இறக்கியவனுக்கு லாஞ்சர் கிடையாது, அப்டேட் கட்டாயம் கிடையாது, ஆறு இலக்க எண் கிடையாது. மொட்டை மாடி வெயில் எல்லாம் காசு கொடுத்தவனுக்குத்தான். நகலெடுப்பதைத் தடுக்கும் பூட்டில்லாமல் விற்றால் நஷ்டம் என்றால் தி விட்சர் 3-ஐ அதே சிடி ப்ராஜெக்ட் 2015-ல் முதல் நாளே பூட்டில்லாமல் ஜிஓஜியில் விற்றது; 2023-க்குள் எல்லாத் தளங்களிலும் சேர்த்து 5 கோடிப் பிரதிகள் விற்றுவிட்டன. பால்டர்ஸ் கேட் 3-ம் 2023 ஆகஸ்டில் அங்கே பூட்டில்லாமல்தான் வந்தது. அதைச் செய்தவர்கள் யாரும் தெருவுக்கு வந்துவிடவில்லை.

லாஞ்சரால் நன்மையே இல்லை என்று சொல்ல மாட்டேன். அப்டேட் தானாக வரும், சேமித்த ஆட்டம் வேறு கணினியிலும் கிடைக்கும், நண்பர்களோடு சேர்ந்து ஆட எளிது. வேண்டியவர்கள் வைத்துக்கொள்ளட்டும், நானே சில நாள் வைத்திருந்தேன். என் சண்டை கட்டாயத்தோடு. கலிஃபோர்னியாவில் 2025 ஜனவரி முதல் ஒரு சட்டம் நடப்பில் இருக்கிறது: உரிமம் மட்டும் தந்துவிட்டு 'வாங்குங்கள்' என்று பொத்தான் வைத்தால், இது உரிமம் மட்டுமே என்று தெளிவாகச் சொல்லியாக வேண்டும். நிரந்தரமாக இறக்கி வைத்துக்கொண்டு இணையம் இல்லாமல் பயன்படுத்தக்கூடிய பொருளுக்கு அந்த நிபந்தனை இல்லை. எது விற்பனை, எது வாடகை என்று அந்தச் சட்டத்துக்கே தெரிந்திருக்கிறது. இங்கே நம்மிடம் விற்பவர்கள் அதைச் சொல்லவும் வேண்டியதில்லை, விலை மட்டும் முழு விலை.

ஊரிலிருந்து திரும்பியதும், இன்ஸ்டாலர் கிடைக்கும் என் விளையாட்டுகள் எல்லாவற்றையும் இரவு இரவாக இறக்கி இரண்டாவது ஹார்டு டிஸ்க் ஒன்றிலும் ஏற்றிவிட்டேன். இன்ஸ்டாலர் இல்லாத விளையாட்டை இனி எத்தனை தள்ளுபடி போட்டாலும் தொடுவதில்லை. அந்த ரயில் விளையாட்டைச் செய்தவர்களுக்குக் கடிதமும் எழுதினேன். நீங்கள் அருமையாகச் செய்திருக்கிறீர்கள், பாலத்தின் ஒவ்வொரு ஆணியிலும் உழைப்பு தெரிகிறது, தயவுசெய்து அதை லாஞ்சர் இல்லாமல் ஓடும் ஒரே கோப்பாகக் கொடுங்கள், ஏற்கெனவே வாங்கியவன்தான் என்றாலும் மறுபடி முழு விலை கொடுத்து வாங்கிக்கொள்கிறேன் என்று. பதில் இன்னும் வரவில்லை. சித்திரையில் ஊர்க் கோயில் கொடைத் திருவிழாவுக்குப் போவதற்குள் வந்தால் நன்றாக இருக்கும்.