கால் ரத்தக்குழாய் அடைப்பு ஆண்களுக்கு மட்டும் வருவதல்ல

“கால் ரத்தக்குழாய் அடைப்பு, சிகரெட் பிடிக்கும் ஆண்களின் நோய். பெண்களுக்குக் கால் வலித்தால் அது மூட்டுத் தேய்மானம்தான். எண்ணெய் தேய்த்தால் போதும்.” கோலாலம்பூரின் செந்தூல், பிரிக்பீல்ட்ஸ் பக்கத்துப் புலனக் (வாட்ஸ்அப்) குழுக்களில் சுற்றும் இந்தச் செய்தி தவறு. ஆபத்தான தவறு.

புகைப்பழக்கம் பெரிய காரணம் என்பது உண்மை. ஆனால் நீரிழிவு, உயர் ரத்த அழுத்தம், கொழுப்பு, சிறுநீரக நோய் ஆகியவையும் இதே அடைப்பை உண்டாக்கும். மலேசியாவில் 2019 தேசிய சுகாதார ஆய்வின்படி பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடம்தான் மிக அதிகம். நம் அம்மாக்களும் அத்தைகளும் அந்தக் கணக்கில் இருக்கிறார்கள்.

பெண்களிடம் இந்நோய் மறைந்தே வளர்கிறது. நடந்தால் கெண்டைக்கால் இறுகி வலிப்பதும், நின்றால் தணிவதும் பாடநூல் சொல்லும் அடையாளம். பல பெண்களுக்கு அப்படி வருவதில்லை. கால் கனக்கிறது, சோர்கிறது; சிலருக்கு எதுவுமே தெரிவதில்லை. மாதவிடாய் நின்றபின் ஆபத்து கூடுகிறது. பத்துமலையின் 272 படிகளை முன்பு ஏறியவர் இன்று பாதியில் உட்கார்ந்தால், “வயதாகிவிட்டது” என்று நாமே தீர்ப்பெழுதிவிடுகிறோம். அதனால்தான் பல பெண்கள் ஆறாத புண்ணோடு, நோய் முற்றியபின் மருத்துவரிடம் வருகிறார்கள்.

கணுக்காலிலும் கையிலும் ரத்த அழுத்தத்தை அளந்து ஒப்பிடுவதே முதல் சோதனை. ஊசி இல்லை, வலி இல்லை. கணுக்கால் அளவைக் கை அளவால் வகுத்து வரும் விகிதம் 0.90 அல்லது அதற்குக் கீழ் என்றால் அடைப்பு இருப்பதாகக் கொள்வார்கள். நீரிழிவு நெடுநாள் இருந்தால் குழாய் கெட்டிப்பட்டு அளவு பொய்யாக உயரலாம். அப்போது கால் விரலில் அளக்கச் சொல்லிக் கேளுங்கள்.