வெள்ளைத் திட்டுக்குக் காரணம் ஃபிளாஷ் பவர் இல்லை

அண்ணே, மருந்துவாழ்மலை அடிவாரத்தில் எடுத்த பொன்வண்டு படத்துக்குக் கீழே, "ஃபிளாஷ் பவரைக் குறைத்தால் முதுகில் விழும் வெள்ளைத் திட்டு போய்விடும், டிஷ்யூ ஒட்டினால் போதும்" என்று எழுதியிருக்கிறீர்கள். புதிதாகக் கற்கிற பிள்ளைகள் அப்படியே நம்பிவிடுவார்கள். அது சரியில்லை.

பொன்வண்டின் ஓடு கண்ணாடி மாதிரி. அந்தத் திட்டு ஃபிளாஷ் முகப்பின் பிம்பம். பவரைக் குறைத்தால் திட்டும் வண்டும் சேர்ந்தே இருட்டாகும். கேமராவின் ஒளி உணர்திறனான ஐஎஸ்ஓவை ஏற்றிச் சரிக்கட்டினால் திட்டு பழையபடி வெளுத்து நிற்கும்.

வண்டு இருக்கும் இடத்திலிருந்து பார்த்தால் வெளிச்சம் எவ்வளவு அகலமாகத் தெரிகிறது என்பதுதான் கணக்கு; அகலம் கூடினால் திட்டு பரந்து மென்மையாகும். டிஃப்யூசரை, அதாவது ஃபிளாஷ் வெளிச்சத்தைப் பரப்பிவிடும் தாளை, இரண்டு மடங்கு தள்ளி வைத்தால் அதன் தோற்றப் பரப்பு ஏறக்குறைய கால்வாசியாகிவிடும். ஃபிளாஷ் வாயிலேயே டிஷ்யூ ஒட்டினால் பரப்பு மாறுவதே இல்லை. அகலமான வெள்ளைத் தாளை லென்ஸ் முனைக்கு மேலே, வண்டுக்கு மிக அருகில் வரும்படி வளைத்துக் கட்டுங்கள். ஃபிளாஷுக்கும் தாளுக்கும் நடுவே இடைவெளி வேண்டும். ஒரு டெஸ்ட் ஷாட்டில் தாளையே எடுத்துப் பாருங்கள்: நடுவில் மட்டும் பளீரென்று இருந்தால் ஓட்டிலும் அதே பளீர்தான் விழும்.

அதற்காக நாலாபக்கமும் ஒரே அளவு வெளிச்சம் கொடுத்துவிடாதீர்கள், தலைக்குப் பின்னால் இருக்கும் ஓட்டின் குழிகளெல்லாம் தட்டையாகிவிடும். ஒரு பக்கம் சற்றுத் தூக்கலாக இருந்தால்தான் குழிக்கு நிழல் கிடைக்கும், நுணுக்கம் தெரியும்.

பவர் குறைப்பதால் வேறொரு நன்மை உண்டு. ஸ்பீட்லைட் (கேமராவில் தனியாக மாட்டும் ஃபிளாஷ்) மின்னும் நேரம் சுருங்கும். ஆரல்வாய்மொழிக் காற்றில் ஆடும் செடியில் உட்கார்ந்திருக்கும் வண்டைக்கூட அசைவில்லாமல் பிடிக்க அது உதவும்.