கூட் முற்றுகை: மாவு மூட்டையை எண்ணாத தளபதி

சுற்றி வளைக்கப்பட்ட படைகளைப் பற்றி எதைப் படித்தாலும் நான் முதலில் தேடுவது உணவுக் கணக்கைத்தான். எத்தனை மூட்டை இருந்தது, தலைக்கு எவ்வளவு அளந்தார்கள், யார் அளந்தார்கள். துப்பாக்கிக் கதைகளைவிட இதில்தான் உண்மை அதிகம் தெரியும். முதல் உலகப் போரில் இராக்கின் கூட் அல் அமாரா நகரில் நடந்ததை அப்படித்தான் படித்தேன். படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை.

1915 நவம்பரில் பிரிட்டிஷ் தளபதி ஜெனரல் டவுன்ஷெண்டின் 6ஆவது இந்திய டிவிஷன், துருக்கியர் கையில் இருந்த பாக்தாத்தைப் பிடிக்கப் போனது. பாக்தாத்துக்கு அருகே டெசிஃபோனில் பலத்த அடி வாங்கிப் பின்வாங்கி, டிசம்பர் 3 அன்று கூட் நகருக்குள் புகுந்தது. டைக்ரிஸ் ஆறு வளைந்து மூன்று பக்கமும் சூழ்ந்த ஊர். மிச்சமிருந்த ஒரு பக்கத்தையும் டிசம்பர் 7 அன்று துருக்கியர் அடைத்துவிட்டார்கள். உள்ளே இருந்த படையில் பெரும்பகுதி மராத்தியர், பஞ்சாபியர், ராஜபுத்திரர், கூர்க்காக்கள். கூடவே சமையல்காரர், தண்ணீர் சுமப்பவர், குதிரை பார்ப்பவர், துப்புரவு செய்பவர் என்று மூவாயிரத்துக்கும் மேல். இவர்கள் போக, அந்த ஊர் அரபு மக்கள் ஆறாயிரம் பேர்.

இங்கேதான் என் கோபம் தொடங்குகிறது. கையில் இருப்பது வெள்ளைக்காரப் படைக்கு ஒரு மாதம், இந்தியப் படைக்கு ஏறக்குறைய இரண்டு மாதம் வரும் என்று டவுன்ஷெண்ட் தகவல் அனுப்பினார். அதை நம்பி, வெளியிலிருந்து மீட்க வந்த பிரிட்டிஷ் படை, ஆளும் பீரங்கியும் வந்து சேரும்வரை காத்திருக்காமல் ஜனவரியிலேயே பாய்ந்தது. ஷேக் சாத், வாடி, ஹன்னா என்று ஒரே மாதத்தில் மூன்று சண்டைகள். ஹன்னாவில் காயம்பட்டவர்கள் கொட்டும் மழையில் சேற்றிலேயே இரவு முழுக்கக் கிடந்தார்கள். தூக்கிச் செல்ல வண்டி போதவில்லை. அதற்கப்புறம்தான் கூட் நகரின் வீடுகளைச் சரியாகச் சோதனை போட்டார்கள். மூட்டை மூட்டையாகத் தானியம் கிடைத்தது. குதிரைகளையும் சேர்த்தால் இன்னும் 84 நாள் தாங்கும் என்று புதுக் கணக்கு போனது. முதல் வாரத்திலேயே வீடு வீடாகப் போய் மூட்டையை எண்ணியிருந்தால், ஹன்னாவின் சேற்றில் எத்தனை உயிர் தப்பியிருக்கும்! உள்ளே சிக்கிய சுமார் 13,000 பேரை மீட்கப் போய், கடைசியில் வெளியே சுமார் 23,000 பேர் செத்தார்கள் அல்லது காயம்பட்டார்கள்.

கிடைத்த பார்லியை அரைக்கவும் வழியில்லை. விமானத்திலிருந்து திரிகைக் கற்களைப் போட்டார்கள். ஏப்ரலில் மாவு மூட்டைகளையே வானத்திலிருந்து போட்டார்கள். அந்த அளவில் அப்படிச் செய்தது போர் வரலாற்றில் அதுவே முதல் முறை. சில மூட்டைகள் ஆற்றில் விழுந்தன, சில துருக்கியர் பக்கம் போயின. தலைக்கு நூற்றைம்பது கிராம் மாவுகூடக் கிடைக்காத நாட்கள் அவை. பசியோடு நிற்பவன் கண்ணெதிரே ஒரு மூட்டை ஆற்றில் விழுந்து முழுகுவதை நினைத்துப் பாருங்கள்.

வண்டிக் குதிரைகளையும் கோவேறு கழுதைகளையும் அறுக்க ஆரம்பித்தார்கள். வெள்ளைக்காரர்கள் சாப்பிட்டார்கள். இந்தியச் சிப்பாய்களில் பெரும்பாலோர் ஏப்ரல் பாதிவரை தொடவில்லை. இந்தியாவிலிருந்து மதத் தலைவர்களின் அனுமதியை வரவழைத்துக் காட்டியும் அவர்கள் தயங்கினார்கள். இதை வைத்து அவர்களைப் பிடிவாதக்காரர்கள் என்று எழுதிய எழுத்தைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது. ஊருக்குத் திரும்பினால் சொந்தபந்தம் தள்ளி வைத்துவிடுமே என்று பயந்த மனிதர்கள் அவர்கள். அந்தப் பயத்தில், ‘உயிரோடு ஊர் திரும்புவோம்’ என்ற நம்பிக்கையும் இருந்தது அல்லவா? முற்றுகைக்குள் அந்த நம்பிக்கையை வைத்திருந்தவனை முட்டாள் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

உடம்பு யாரையும் விடவில்லை. காய்கறியும் இறைச்சியும் இல்லாத இந்தியர்களுக்கு, வைட்டமின் சி குறைவால் வரும் ஸ்கர்வி வந்தது. ஈறு வீங்கி ரத்தம் கசிந்தது, பழைய காயங்கள் ஆற மறுத்தன. குதிரை இறைச்சியோடு வெள்ளை மாவு ரொட்டி சாப்பிட்ட பிரிட்டிஷ் வீரர்களுக்கு, வைட்டமின் பி1 குறைவால் வரும் பெரிபெரி வந்து கால் வீங்கியது. தவிட்டோடு அரைத்த கோதுமை மாவு இந்தியர்களைப் பெரிபெரியிலிருந்து காப்பாற்றியது. ஒரே ஊர், ஒரே முற்றுகை, தட்டில் இருந்ததைப் பொறுத்து வேறு வேறு நோய்.

ஏப்ரல் 24 இரவு 270 டன் உணவோடு ஜுல்னார் என்ற கப்பல் ஆற்றில் மேலேறி வந்தது. துருக்கியர் குறுக்கே கட்டியிருந்த கம்பிவடத்தில் சிக்கிப் பிடிபட்டது. பணம் கொடுத்து விடுவிக்கப் பார்த்தார்கள், துருக்கியர் மறுத்துவிட்டார்கள். கிட்டத்தட்ட ஐந்து மாதம் தாங்கி, ஏப்ரல் 29 அன்று டவுன்ஷெண்டின் படை சரணடைந்தது.

சரணடைந்ததோடு கதையை முடித்துவிடுகிறார்கள் பலர். அப்புறம் நடந்ததுதான் பெருங்கொடுமை. எலும்பும் தோலுமாக இருந்தவர்களை வெயிலில் பாக்தாதுக்கும், அங்கிருந்து வடக்கே ராஸ் அல் ஐன் பக்கம் ரயில் பாதை வேலைக்கும் நடத்தினார்கள். பிரிட்டிஷ் சாதாரண வீரர்கள் சுமார் 2,600 பேரில் 1,700க்கும் மேற்பட்டோர் திரும்பவில்லை. இந்தியர்களில் இரண்டாயிரத்துக்கும் அதிகமானோர் மாண்டார்கள். டவுன்ஷெண்ட் இஸ்தான்புல் அருகே ஒரு தீவில் வசதியான வீட்டில் இருந்தார். சிறையிருந்த காலத்திலேயே அவருக்கு ‘சர்’ பட்டம் வந்தது. அவருடைய நாயைக்கூடத் துருக்கியர் பத்திரமாக பிரிட்டிஷ் பக்கம் அனுப்பி வைத்தார்கள். நாய் பிழைத்ததில் எனக்கு வருத்தமில்லை. அதே நாட்களில் பாலைவனத்தில் நடந்த சமையல்காரனுக்கும் தண்ணீர் சுமந்தவனுக்கும் யார் பேசினார்கள் என்றுதான் கேட்கிறேன்.

மெசொப்பொட்டேமியாவில், அதாவது இன்றைய இராக் பகுதியில் இறந்து, கல்லறை தெரியாமல் போன நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்டோருக்காக பஸ்ரா நினைவகத்தைக் கட்டினார்கள். பிரிட்டிஷ் வீரர்களுக்கும் இந்திய அதிகாரிகளுக்கும் பெயர் பொறித்தார்கள். இந்தியச் சாதாரணச் சிப்பாய்களுக்கு ரெஜிமென்ட்டின் பெயரும், அதற்குக் கீழே இத்தனை பேர் என்ற எண்ணிக்கையும் மட்டும். இப்படிப் பாகுபாடு காட்டியதற்கு, போர்க் கல்லறைகளைப் பராமரிக்கும் காமன்வெல்த் ஆணையம் மன்னிப்புக் கேட்டது 2021இல்.