என் சாப்பாட்டு அறைக்கு வெள்ளையடித்தவருக்கு

என் சாப்பாட்டு அறைச் சுவர்களுக்குப் பச்சை பூசி, சென்ற வாரம் நான் இணையத்தில் இட்ட படத்தையும் அதன் கீழே வந்த கருத்துகளையும் பார்த்தவர்களுக்கு, எதைப் பற்றி எழுதுகிறேன் என்று தெரியும். "ஆஸ்பத்திரிச் சுவர்" என்றவர்கள் மீது எனக்குப் பெரிய வருத்தம் இல்லை. என் படத்தையே எடுத்து, சுவர்களை மட்டும் வெள்ளையாக மாற்றி, "இப்போதுதான் வீடு மாதிரி இருக்கிறது" என்று என் பதிவின் கீழேயே ஒட்டிவிட்டுப் போனாரே ஒருவர், அதுதான் மூன்று நாளாக மனத்தை அறுக்கிறது. அதை விரும்பியவர்களில் என் உறவினர்களும் இருந்தார்கள்.

அந்த மாற்றிய படத்தை நிதானமாகப் பார்த்தேன். சுவர் வெளுத்ததும் மேசை செத்துவிட்டது. உள்ளே செம்மை ஓடும் அந்தப் பழைய மரம், வெள்ளைக்கு எதிரே வெறும் கறுத்த கட்டையாக நிற்கிறது. நான் சொல்ல வருவது இது ஒன்றுதான்: பழைய மரச்சாமான்கள் உள்ள சாப்பாட்டு அறையில் பச்சை, சுவருக்காகப் பூசப்படுவதில்லை, மரத்துக்காகப் பூசப்படுகிறது. சிவப்பும் பச்சையும் எதிர் வண்ணங்கள். பக்கத்தில் நின்றால் ஒன்றை ஒன்று தூக்கிக் காட்டும். பிரான்சில் கோப்லான் நெசவாலையின் சாயப் பிரிவை நடத்திய வேதியியலாளர் செவ்ரேல் 1839இலேயே இதை விரிவாக விளக்கி எழுதிவிட்டார். இது என் தனி ரசனை மட்டும் அன்று.

ஆஸ்பத்திரி என்பவர்களுக்கும் இதே பதில்தான். அறுவை அரங்குகளுக்குப் பச்சை வந்த காரணமும் இதுதான். வெண்மை கண்ணைக் கூசுகிறது, இரத்தச் சிவப்பையே பார்த்துக்கொண்டிருக்கும் கண்ணுக்குப் பச்சை இதமளிக்கிறது என்று 1914இல் சான் பிரான்சிஸ்கோவின் அறுவை மருத்துவர் ஒருவர் அதைக் கொண்டுவந்தார். அதற்கு வெகுகாலம் முன்பே, 1785இல், ஜார்ஜ் வாஷிங்டன் தம் மவுண்ட் வெர்னான் வீட்டின் சிறிய சாப்பாட்டு அறைக்குப் பளிச்சென்ற பச்சையைப் பூசச் செய்திருந்தார். லண்டனில் வடிவமைப்பாளர் வில்லியம் மாரிஸின் நிறுவனம் 1860களில் அருங்காட்சியகம் ஒன்றுக்கு அமைத்துக்கொடுத்த உணவறைக்குப் பெயரே பச்சை உணவறை. சாப்பிடும் அறைக்குப் பச்சை ஒவ்வாது என்ற விதி எங்கிருந்து வந்தது என்று எனக்கு யாராவது சொல்லுங்கள்.

பச்சைச் சாயம் நஞ்சு என்று ஒருவர் எச்சரித்தார். 1775இல் வேதியியலாளர் ஷீலே கண்டுபிடித்த பச்சையில் ஆர்சனிக் இருந்தது உண்மை. இன்று வீட்டுக்குப் பூசும் பெயின்டில் அது இல்லை. இதற்கு மேல் இதில் பேச ஒன்றும் இல்லை.

அறை இருண்டுவிடும் என்ற ஆட்சேபத்தை மட்டும் நான் மதிக்கிறேன், ஏனென்றால் அதை நான் பட்டே அறிந்தேன். முதல் முறை ஷேடு கார்டில் விரல் அகலத் துண்டைப் பார்த்து நிறத்தை முடிவு செய்தேன். பகலில் அழகாகத் தெரிந்த சுவர், இரவில் வெள்ளை எல்.இ.டி வெளிச்சத்தில் நீலம் பாய்ந்து, சாப்பிட உட்கார்ந்தவர்களின் முகத்தை வெளிறச் செய்தது. பிறகுதான் பெரிய அட்டைகளில் இரண்டு கோட் அடித்து, நான்கு சுவரிலும் மாற்றி மாற்றிச் சாய்த்துவைத்து, காலையிலும் மாலையிலும் விளக்கொளியிலும் ஒரு வாரம் பார்த்தேன். மஞ்சள் சற்றுத் தூக்கலான, இலை முற்றிய பச்சையைத் தேர்ந்தெடுத்தேன். விளக்குகளை 2700 கெல்வின் வெதுவெதுப்பான ஒளிக்கு மாற்றினேன். கூரையைப் பளீர் வெள்ளையாக விடாமல் பாலேட்டு நிறமாக்கினேன். மேடுபள்ளம் காட்டிக்கொடுக்கும் என்பதால் மினுமினுப்புப் பூச்சைத் தவிர்த்தேன். இவ்வளவையும் செய்தவரிடம் "யோசிக்காமல் பூசிவிட்டீர்கள்" என்று எழுத எப்படி மனம் வருகிறது?

அந்த மேசையை விற்றுவிடச் சொன்னவர்கள் உண்டு. இடத்தை அடைக்கிறது, கறுத்துப்போய்விட்டது, அறையே இருட்டாகத் தெரிகிறது என்றார்கள். அப்பா இருந்தவரை ஆண்டுக்கு ஒரு முறை மேசைக்கு எண்ணெய் பூசி, மெல்லிய துணியால் மணிக்கணக்காகத் தேய்ப்பார். அவருக்குப் பிறகு பல ஆண்டுகள் அது என் கண்ணுக்கும் கறுப்பாகத்தான் தெரிந்தது. சுவர் பச்சையான அன்று இரவு விளக்கைப் போட்டபோது, அவர் தேய்த்துத் தேய்த்துக் கொண்டுவந்த அந்தச் செம்மை மறுபடி எழுந்து நின்றது. நான் படம் எடுத்தது அந்த இரவில்தான். அழகுப் போட்டிக்கு அனுப்பவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நாற்காலியின் முதுகு உரசிச் சுவர் பாழாகக் கூடாது என்று, தரையிலிருந்து இடுப்பளவு உயரத்தில் அறையைச் சுற்றி அப்பா தம் கையால் ஒரு மரப்பட்டி அறைந்திருந்தார். மூலைகளில் இணைப்பு சற்றுப் பிசகியிருக்கும். அதைச் சரிசெய்ய நான் பெயின்டரை விடவில்லை. வெள்ளையடித்த படத்தில் அந்தப் பட்டியே இல்லை. சுவரோடு சேர்த்து அதையும் துடைத்துவிட்டீர்கள்.

உங்கள் கருத்து அங்கேயே இருக்கட்டும், அதற்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன். அந்தப் படத்தை மட்டும் தயவுசெய்து எடுத்துவிடுங்கள்.